அவர்கள் பார்த்தது வேறு படம்

நாயகனின் இரண்டு கைகளையும் எதிரிகள் அடித்து நொறுக்கிவிடுகிறார்கள். உடைந்த கைகளோடு அவன் சுருண்டு கிடக்கிறான், மெல்ல எழுகிறான், திரும்பவும் பயிற்சியில் இறங்குகிறான். கடைசியில் எதிரிக்கு முன்னால் வந்து நிற்கும்போது அவன் உள்ளங்கைகள் நெருப்புத் துண்டு மாதிரி சிவந்து ஒளிர்கின்றன. கேமரா ஒரே பாய்ச்சலில் முகத்துக்குப் போகிறது. பின்னணியில் சைரன் மாதிரி ஓர் அலறல் எழுகிறது. அந்த அலறல் 'அயர்ன்சைட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காகக் குவின்சி ஜோன்ஸ் போட்ட இசை. ஹாங்காங்கில் அதை அப்படியே எடுத்து இந்தப் படத்தில் ஒட்டிவிட்டார்கள்.

1972-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் தயாரித்த 'கிங் பாக்ஸர்' இது. நாயகன் லோ லீ, இந்தோனேசியாவில் பிறந்தவர். இயக்குநர் ஜியோங் சாங்-ஹ்வா கொரியாக்காரர். 1973 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ் இதை 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்' என்று பெயர் மாற்றி அமெரிக்காவில் வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் ஒரு வாரம், அமெரிக்க வசூல் பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் ஹாங்காங் சண்டைப் படங்களே பிடித்திருந்தன. ஒன்று இது, இன்னொன்று புரூஸ் லீயின் முதல் குங்ஃபூ படம், மூன்றாவது ஏஞ்சலா மாவ் நடித்தது. ஜூலை 20-இல் புரூஸ் லீ இறந்தார். ஆகஸ்டில் 'என்டர் தி டிராகன்' வந்தது. அதன் பிறகு எந்த ஊர்த் தியேட்டரும் இந்தப் படங்களிலிருந்து தப்பவில்லை.

விமர்சனம் எழுதியவர்கள் சொன்ன குறைகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கதை ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. வாய் ஒரு பக்கம் அசைகிறது, குரல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எல்லோரும் மிகையாக நடிக்கிறார்கள். ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது, அதுவும் வாளி வாளியாக. இன்று அதே 'கிங் பாக்ஸர்' பழுது நீக்கப்பட்டு ப்ளூ-ரே பெட்டிகளில், ஆய்வாளர்களின் விளக்க உரையோடு விற்கிறது. சினிமா படிப்பவர்கள் அதை வகுப்பில் அலசுகிறார்கள்.

நடுவில் என்ன நடந்தது? ரசனை மாறிவிட்டது என்பதுதான் வழக்கமான பதில். ரசனையும் மாறியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலில் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போகிறது. 1973-இல் திட்டி எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் பார்த்ததும் நாம் இன்று பார்ப்பதும் ஒரே படம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்தப் படங்களில் எது உண்மையிலேயே மோசம், எதை நாம் தவறாகப் படித்தோம் என்று பிரித்துப் பேச முடியும்.

குரலிலிருந்து தொடங்கலாம். அந்தக் காலத்து ஷா பிரதர்ஸ் படங்களைப் படப்பிடிப்பில் ஒலியே பதியாமல்தான் எடுத்தார்கள். சீன மொழிக் குரலையும் பிறகுதான் சேர்த்தார்கள். பல நடிகர்களுக்கு அவர்களுடைய சொந்தக் குரலே கிடையாது. ஹாங்காங் மக்கள் பேசுவது கான்டனீஸ், படங்கள் வந்ததோ மாண்டரினில், நடிகர்கள் வந்ததோ எங்கெங்கிருந்தோ. ஆக, மூலத்திலேயே உதடும் குரலும் முழுக்கப் பொருந்தாது. அதன் மேல் ஆங்கில டப்பிங் வந்தது. ஹாங்காங்கில் வசித்த வெளிநாட்டவர்கள் சிலர், ஒரு சின்னக் குழுவாக, படத்துக்குப் படம் அதே குரல்களில் அவசரம் அவசரமாகப் பேசி முடித்தார்கள். தகப்பனை இழந்த மகனும் அவனைக் கொன்ற வில்லனும் ஏறக்குறைய ஒரே தொனியில் பேசினால் அந்தக் காட்சியில் யாருக்குத்தான் கண் கலங்கும்? நடிப்பு மோசம் என்று எழுதிய விமர்சகர் கேட்ட குரலில் அந்த நடிகருக்குப் பங்கே இல்லை.

அடுத்தது திரையின் அகலம். ஷா பிரதர்ஸ் தங்கள் படங்களை 'ஷாஸ்கோப்' என்ற அகலத்திரையில் எடுத்தது. உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.35 பங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலம் 1.33 பங்குதான். அமெரிக்காவில் தியேட்டர் மோகம் தணிந்த பிறகு இந்தப் படங்கள் தொலைக்காட்சியிலும் வீடியோ கேசட்டிலும்தான் வாழ்ந்தன. கணக்குப் போட்டால் படத்தின் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகிறது. சண்டைக் காட்சியில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் திரையின் இரு கோடிகளில் நிற்கிறார்கள். நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் காட்சியின் பதற்றம். யார் முதலில் அந்த இடைவெளிக்குள் காலை வைப்பான்? வெட்டிய பிரதியில் அந்த இடைவெளியும் இல்லை, எதிராளியும் இல்லை. ஒரே ஆள் சூனியத்தைப் பார்த்து முறைக்கிறான், காற்றைக் குத்துகிறான், எங்கிருந்தோ வந்த உதையில் விழுகிறான். நானும் பல படங்களை முதலில் இப்படித்தான் பார்த்தேன். எடுக்கத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள் என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன். சரியான அகலத்தில் பார்த்த அன்றுதான் தவறு யாருடையது என்று புரிந்தது.

பெயர்களைக்கூட ஒழுங்காக விடவில்லை. புரூஸ் லீயின் 'தி பிக் பாஸ்' அமெரிக்காவில் 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃப்யூரி' ஆனது. அவருடைய அடுத்த படமான 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' அங்கே 'தி சைனீஸ் கனெக்ஷன்' ஆனது. போதைப்பொருள் கடத்தல் கதை முதல் படத்தில்தான் வருகிறது, அந்தப் பெயர் பொருந்துவதும் அதற்குத்தான். இரண்டு பெயர்களும் இடம் மாறி ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் அப்படியே ஓடின.

வெட்டு இன்னொரு கதை. 1974-இல் ஜப்பானின் டோயி நிறுவனம் எடுத்த 'தி ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்தில் சானி சிபா ஓங்கி அடிக்கும்போது படம் சட்டென்று எக்ஸ்-ரேக்கு மாறி, மண்டை ஓடு நொறுங்குவதைக் காட்டும். அமெரிக்காவில் வன்முறைக்காக மட்டும் எக்ஸ், அதாவது வயதுவந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழ் வாங்கிய முதல் படம் என்று அது பெயர் எடுத்தது. கீழ்ப்படிச் சான்றிதழுக்காக விநியோகஸ்தர் சுமார் 16 நிமிடங்களை வெட்டியெறிந்தார். 16 நிமிடம் போன பிறகு, காட்சிகள் துண்டு துண்டாக நிற்கின்றன என்று ஒரு விமர்சகர் சொன்னால் அது நியாயமான குறைதான். பிரிட்டனில் நிலைமை இன்னும் விசித்திரம். தணிக்கை வாரியத்துக்கு 1975 முதல் 1999 வரை தலைவராக இருந்த ஜேம்ஸ் ஃபெர்மனுக்குச் சங்கிலி கோத்த இரட்டைக் கழி, அதாவது நுன்சாக்கு, திரையில் தெரிவதே பிடிக்காது. இளைஞர்கள் அதைப் பார்த்துச் செய்து தெருவில் சுழற்றுவார்கள் என்று பயந்தார். 'என்டர் தி டிராகன்' படத்திலிருந்தே அந்தக் காட்சி போனது. புரூஸ் லீயின் கைவேகத்துக்கு உச்சமான இடம் அது. ஒரு தலைமுறை பிரிட்டன் ரசிகர்கள் அதைப் பார்க்காமலேயே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2000-இல் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் ஷா பிரதர்ஸின் படக் களஞ்சியத்தை வாங்கியது. 760 படங்களுக்கு மேல். 2002 முதல் அவை முழு அகலத்தில், சுத்தமான நிறத்தில், மாண்டரின் ஒலியோடு டிவிடியில் வரத் தொடங்கின. இந்தப் படங்களைப் பற்றிய பேச்சின் தொனி பலரிடம் மாறத் தொடங்கியது ஏறக்குறைய அதே காலத்தில்தான் என்பது என் கணிப்பு.

சரி, பிரதி மட்டும்தான் காரணமா? இல்லை. நல்ல பிரதி கையில் இருந்தாலும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடலாம்.

நாடகத்திலிருந்தும் நாவலிலிருந்தும் வந்த விமர்சன மரபு முதலில் கதையைத் தேடும், பிறகு வசனத்தை, பிறகு முகத்தில் தெரியும் நடிப்பை. குங்ஃபூ படத்தின் நடிப்பு முகத்தில் இல்லை. தோளில், இடுப்பில், பாதம் தரையில் பதியும் விதத்தில் இருக்கிறது. 'பிளானட் ஹாங்காங்' என்ற நூலை 2000-இல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் இதை அழகாகப் பிடித்தார். ஹாங்காங் சண்டையின் அடிப்படைத் தாளம் நிற்பது, பாய்வது, மறுபடி நிற்பது என்றார். அடித்த கை ஒரு நொடி அப்படியே உறைகிறது. கண்ணுக்கு அதைப் படிக்க நேரம் கிடைக்கிறது. பிறகு அடுத்த பாய்ச்சல். நடனத்தில் ஜதிக்கும் அடுத்த ஜதிக்கும் நடுவில் உடம்பு நிலைகொள்ளுமே, கிட்டத்தட்ட அது.

இது சும்மா வந்ததில்லை. பீக்கிங் ஓபரா என்ற சீன மரபு மேடை நாடகத்தில் நடிகர் பாய்ந்து வந்து, தாளம் முழங்க, ஒரு நிலையில் அசையாமல் நிற்பார். லியாங்ஷியாங் என்பார்கள். ஹாங்காங்கின் சண்டைக் கலைஞர்களில் பலர் அந்தப் பள்ளிகளில் சிறுவயதிலேயே சேர்ந்து அடி உதை வாங்கி வளர்ந்தவர்கள். ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவ் மூவரும் யூ ஜிம்-யுவென் என்ற ஒரே ஆசிரியரின் மாணவர்கள். 'டிஷ்யும்' என்று காதில் விழும் அந்த மிகையான அடிச் சத்தத்துக்கும் மேடைத் தாளத்தோடு உறவு உண்டு. முகத்தை நோக்கிப் பாயும் ஜூமும் அப்படித்தான் எனக்குப் படுகிறது. கேமராவைத் தள்ளிக்கொண்டு போக நேரமும் பணமும் இல்லாததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் சரியான நொடியில் விழும்போது அது வேலை செய்வது ஒரு தாளத்தட்டாகத்தான்.

இப்படிப் பார்க்கத் தெரியாததன் விலை எவ்வளவு என்பதற்கு யுவென் வூ-பிங் ஒருவரே போதும். 1978-இல் ஜாக்கி சானை வைத்து 'டிரங்கன் மாஸ்டர்' எடுத்தவர். அதில் குடிகாரக் குருவாக நடித்தவர் அவருடைய சொந்த அப்பா யுவென் சியு-டியென். அன்றைய மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு இவர்கள் யாரும் ஒரு பொருட்டே இல்லை. 1999-இல் 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்குச் சண்டை அமைத்தார், உலகமே வாயைப் பிளந்தது. 2000-இல் 'கிரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்துக்கு அமைத்தார், அது 10 ஆஸ்கர் பரிந்துரைகளும் 4 விருதுகளும் வாங்கியது. ஒளிப்பதிவுக்குக் கொடுத்தார்கள், கலை இயக்கத்துக்குக் கொடுத்தார்கள், இசைக்குக் கொடுத்தார்கள், சிறந்த அயல்மொழிப் படம் என்றும் கொடுத்தார்கள். அந்தப் படத்தை அந்தப் படமாக்கிய சண்டைக்குக் கொடுக்க ஆஸ்கரில் ஒரு பிரிவே இல்லை. ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த சண்டை அமைப்புக்கான விருது 1980களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஆஸ்கர் அகாடமி ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஒரு விருதை அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து கொடுக்கப் போகிறார்கள். ஒரு கலையைக் கலை என்று எழுதிவைக்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, திட்டு வாங்கிய எல்லாப் படமும் மாணிக்கம் என்று சாதித்தால் அதுவும் நேர்மை இல்லை. 'பிளட்ஸ்போர்ட்' படத்தை எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த படம், அதனாலேயே அதைச் சரியாக எடைபோட ஆசைப்படுகிறேன்.

1988-இல் வந்தது. தயாரிப்பு கேனன் ஃபிலிம்ஸ், மெனாகெம் கோலன், யோராம் குளோபஸ் இருவரின் நிறுவனம். இயக்கியவர் நியூட் ஆர்னால்ட். நாயகன் ஜீன்-கிளாட் வான் டாம், அப்போது பெரிதாக யாருக்கும் தெரியாதவர். 20 லட்சம் டாலர் அளவில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள். மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதில் வான் டாமின் பெயர் 'மோசமான புதுமுகம்' பிரிவில் வந்தது. ரகசியப் போட்டியொன்றில் வென்ற ஃபிராங்க் டக்ஸ் என்பவரின் உண்மைக் கதை என்று படம் சொல்லிக்கொண்டது. 329 சண்டைகளில் தோல்வியே இல்லை என்று கடைசியில் எழுத்தில் போட்டார்கள். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அந்தக் கதையைத் தோண்டிப் பல சந்தேகங்களை வெளியிட்டது. டக்ஸ் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

திரைக்கதை பலவீனம் என்பது உண்மைதான். நாயகனைத் துரத்தி வரும் இரண்டு அதிகாரிகள் இல்லாவிட்டாலும் கதை நகரும், அதில் ஒருவர் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய ஃபாரஸ்ட் விட்டேக்கர் என்றபோதும். காதல் பகுதியில் உயிர் இல்லை. சண்டையிலும் ஹாங்காங் தாளம் இல்லை. ஒரே உதையை மெதுவாக ஓட்டி, வேறு கோணத்தில் திரும்பவும் ஓட்டி, நேரத்தை நீட்டுகிறார்கள்.

ஆனால் அந்தக் கடைசிச் சண்டை! எதிரி சாங் லீயாக நடிப்பவர் போலோ யுங், 'என்டர் தி டிராகன்' படத்திலேயே மார்பை விரித்துக்கொண்டு நின்ற அதே ஆள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இடுப்பில் ஒளித்துவைத்த மாத்திரையை நசுக்கி, அந்தப் பொடியை நாயகன் கண்ணில் வீசுகிறான். வான் டாமுக்குக் கண் தெரியவில்லை. வாயைத் திறந்து கத்துகிறார், மெதுவாக்கப்பட்ட கத்தல், முகம் முழுக்கக் கோணிப்போகிறது. கைகளால் காற்றைத் துழாவுகிறார். பிறகு, கண்ணைக் கட்டிக்கொண்டு குருவிடம் பயின்றது நினைவுக்கு வருகிறது. முகம் மெல்ல மெல்ல அடங்குகிறது. தலையை லேசாகச் சாய்த்துக் காதால் பார்க்கத் தொடங்குகிறார். நடிப்புப் பள்ளி அளவுகோலில் அந்தக் கத்தலுக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் பயம் அடங்கி அமைதி வருவதை ஒரு முழு உடம்பால் காட்டும் இடம் அது. 'மோசமான புதுமுகம்' என்று எழுதியவர்கள் கத்தலோடு நிறுத்திக்கொண்டார்கள், அதற்குப் பின்னால் வரும் அமைதியைக் கவனிக்கவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி இன்னொரு பதிவும் உண்டு. அப்போது ரியல் எஸ்டேட் தொழிலதிபராக இருந்த டொனால்ட் டிரம்பைப் பற்றி 1997-இல் நியூயார்க்கர் இதழில் வந்த கட்டுரையில், அவர் விமானத்தில் 'பிளட்ஸ்போர்ட்' பார்த்த விதம் வருகிறது. கதை வரும் இடங்களையெல்லாம் மகனிடம் சொல்லி ஓட்டவைத்துவிட்டு, அடிதடியை மட்டும் பார்த்து 45 நிமிடத்தில் முடிப்பதே அவர் நோக்கம். நிறைய பேர் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் கண்ணைக் கட்டிய பயிற்சிக் காட்சி போய்விடும். அது போனால் கடைசிச் சண்டையில் அந்த அமைதிக்கு அர்த்தமே இருக்காது. கதை எதற்கு என்று கேட்கும் ரசிகரும், கதை இல்லை என்று ஒதுக்கும் விமர்சகரும் இந்த இடத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், சிரிப்பு. இந்தப் படங்களுக்குக் கிடைத்த இரண்டாவது வரவேற்பு அது. நள்ளிரவுக் காட்சி, வீடியோ கேசட், நண்பர்கள் கூட்டம், 'இவ்வளவு மோசமா, அடடா, பிரமாதம்!' என்ற கொண்டாட்டம். 1964-இல் சூசன் சான்டாக் 'கேம்ப்' என்ற ரசனையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அதன் தூய வடிவம் அப்பாவித்தனமானது, தான் வேடிக்கை என்று அதற்கே தெரியாது, முழு மனதோடு முயன்று மிகையாகிப்போனது என்றார். இந்த அளவுகோலை எல்லோரும் குங்ஃபூ படங்கள்மீது வைத்தார்கள். அதிகம் மாட்டியது 'ரிக்கி-ஓ'.

1991-இல் லாம் நாய்-சோய் எடுத்த ஹாங்காங் படம் அது. 1988-இல் அங்கே வந்த புதிய தரப்பிரிவில் வயதுவந்தோருக்கு மட்டும் என்ற மூன்றாம் பிரிவு பெரும்பாலும் பாலியல் காட்சிகளுக்கே போனது. 'ரிக்கி-ஓ' வன்முறைக்காகவே அதில் விழுந்தது. 2001-இல், சிறைகளெல்லாம் தனியார் கைக்குப் போய்விட்ட காலத்தில் கதை நடக்கிறது. ஒரு எதிரி தன் வயிற்றைத் தானே கிழித்து, வெளியே வந்த குடலால் நாயகனின் கழுத்தை நெரிக்கிறான். நாயகன் அறுந்துபோன தன் கை நரம்பைப் பல்லால் பிடித்து முடிச்சுப் போடுகிறான். ஒரு தலை இரண்டு கைகளுக்கு நடுவில் நசுங்குகிறது. அந்த நொடியை மட்டும் வெட்டியெடுத்து, 1990களின் பிற்பகுதியில் 'தி டெய்லி ஷோ' என்ற அமெரிக்க நிகழ்ச்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். படத்தின் பெயரே தெரியாமல் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் 'செய்யத் தெரியாமல் செய்துவிட்டார்கள்' என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மூலம் ஒரு மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. அதில் ரத்தமும் எலும்பும் எப்படி வரையப்பட்டிருந்தனவோ, அதே தட்டையான துணிச்சலோடு படத்தில் வைத்தார்கள். நிஜம் மாதிரி காட்ட முயன்று தோற்ற படமாக அதைப் பார்த்தால் எல்லாமே தவறாகத்தான் தெரியும். வரைந்த கட்டத்தை நகரவைக்க முயன்ற படமாகப் பார்த்தால் ஒவ்வொரு காட்சியும் எதற்கு அங்கே இருக்கிறது என்று விளங்கும். நாயகனாக நடித்த ஃபான் சியு-வோங்குக்கு அப்போது வயது 18 அளவில். உடல் வித்தை முறையாகப் படித்த பையன். அவனைக் கொடுமைப்படுத்தும் துணைச் சிறை அதிகாரியாக, கண்ணாடிக் கண்ணைக் கழற்றி அதற்குள் மிட்டாய் வைத்துத் தின்பவராக நடித்திருப்பவர் ஃபான் மெய்-ஷெங், ஷா பிரதர்ஸின் பழைய நடிகர். அந்தப் பையனின் சொந்தத் தகப்பன். தகப்பனும் மகனும் சேர்ந்து உழைத்த வேலையை 'அப்பாவித்தனம்' என்று தட்டிக்கொடுப்பது மரியாதை போலத் தெரியலாம், ஆனால் அதில் கொஞ்சம் அலட்சியம் கலந்திருக்கிறது.

சிரிக்காமல் பார்த்த கூட்டமும் ஒன்று இருந்தது. அதை விமர்சன வரலாற்றில் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. 1970களில் அமெரிக்க நகர மையங்களின் பழைய தியேட்டர்களில் இந்தப் படங்களை நிரப்பியவர்களில் கறுப்பின இளைஞர்களும் லத்தீன் அமெரிக்க இளைஞர்களும் மிகுதி. வெள்ளையர் அல்லாத ஒருவன், துப்பாக்கி இல்லாமல், வெறும் கையோடு, தன்னை மிதித்தவனை எதிர்த்து எழுகிறான். அவர்களுக்கு அது ஒரு வரிக் கதையாகப் படவில்லை. அப்படிப் பார்த்து வளர்ந்த நியூயார்க் இளைஞர்கள்தான் வூ-டாங் கிளான் என்ற ராப் இசைக் குழு. 1993-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே லாவ் கர்-லியுங் 1978-இல் எடுத்த ஷாவோலின் படத்தின் '36 அறைகள்' இருக்கின்றன. பாட்டுகளுக்கு நடுவில் அந்த டப்பிங் குரல்களும் வருகின்றன. விமர்சகர்கள் கேலி செய்த அதே குரல்கள்.

வன்முறையைப் பற்றிய கேள்வியை மட்டும் இப்படிச் சுலபமாகக் கடந்துவிட முடியாது. 2011-இல் கேரத் எவன்ஸ் இந்தோனேசியாவில் எடுத்த 'தி ரெய்டு' படத்தைப் பெரும்பாலான விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஜகார்த்தாவின் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், உள்ளே மாட்டிக்கொண்ட போலீஸ் படை, நடிகர் ஐகோ உவைஸின் பென்சாக் சிலாட் என்ற தற்காப்புக் கலை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலில் ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தார். மனிதர்களைப் பற்றி எதுவும் இல்லை, வெறும் அடிதடிதான் இருக்கிறது என்பது அவர் வாதம். ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் தன் காரணங்களை மறுபடியும் விளக்கி எழுதினார், நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் படத்தைப் பொறுத்தவரை அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. இவ்வளவு ரத்தம் எதற்கு? எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்று உண்டு. அடிபட்டவன் அடுத்த காட்சியிலும் வலியோடு இருக்கிறானா என்று பார்ப்பேன். சாங் செ 1967-இல் எடுத்த 'ஒன்-ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன்' படத்தில் நாயகனின் வலது கை துண்டாகிறது. ஒரு நொடி அதிர்ச்சிக்காக வைத்த காட்சி அது என்று நினைத்தால் தவறு. மீதிப் படம் முழுக்க அவன் இல்லாத அந்தக் கையோடுதான் வாழ்கிறான், இடது கையால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகுகிறான். கலவரத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஹாங்காங்கில் அந்த ஆண்டு வெளியாகி, 10 லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்த முதல் உள்ளூர்ப் படம் அது. 'கிங் பாக்ஸர்' நாயகனின் கைகளும் அப்படித்தான், கதையே அந்த வலியின் மேல் நடக்கிறது. இதற்கு மாறாக, பெயரில்லாத நாற்பது பேர் வரிசையாக வந்து விழுந்து, யாருக்கும் எதுவும் வலிக்காத படங்களும் ஏராளம். அவற்றில் ரத்தம் குறைவாக இருக்கலாம், சான்றிதழும் தாராளமாகக் கிடைத்திருக்கலாம். எனக்கு அவைதான் அதிக வன்முறையாகத் தெரிகின்றன.

இன்று ஒரு பழைய சண்டைப் படத்தின் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு சதவீத எண். அதை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் காட்டுவது மதிப்பெண்ணின் சராசரி கிடையாது. நூற்றுக்கு எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு. 60-ஐத் தொட்டால் நல்ல தக்காளி, அதற்குக் கீழே விழுந்தால் அழுகல். எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொன்ன படம் 100 வாங்கிவிடலாம். பாதிப் பேர் உயிரையே விட்டு, பாதிப் பேர் வெறுத்த படம் 50-இல் நின்றுவிடும். சண்டைப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இன்னொன்று, அந்தத் தளம் தொடங்கியதே 1998-இல்தான். 1970களின் படத்துக்கு அங்கே நல்ல எண் இருந்தால், டிவிடி வந்த பிறகு எழுதியவர்களும் அதில் கலந்திருப்பார்கள். வெளியான அன்று அந்தப் படத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

'ரிக்கி-ஓ' பையனைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. 2008-இல் 'இப் மேன்' வந்தது, சண்டை அமைத்தவர் சாமோ ஹங். அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கும் சிறந்த சண்டை அமைப்புக்கும் பரிசு வாங்கியது. அதில் வடக்கேயிருந்து ஃபோஷான் ஊருக்கு வந்து ஒவ்வொரு பள்ளியாகச் சவால் விட்டு அடிக்கும் முரடனாக வருபவர் ஃபான் சியு-வோங். இப் மேன் வீட்டுக்கூடத்தில் அவர் வாளை உருவ, இப் மேனாக நடிக்கும் டானி யென் கைக்குக் கிடைத்த இறகுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்கிறார். வாள் வருகிறது, துடைப்பம் தடுக்கிறது, ஒரு நொடி இருவரும் அசையாமல் நிற்கிறார்கள், மறுபடி பாய்கிறார்கள். அறுந்த நரம்பைப் பல்லால் முடிந்த அந்தப் பதினெட்டு வயதுப் பையனின் அதே தோள்கள், அதே கால் வீச்சு.